முதலாம் கியரில் போன பந்தயக் கார்

மச்சான்,

இன்று காலை தொடக்கம் எங்கள் ஏழு இருக்கை வானுக்குள் மண்ணெண்ணெய் மணக்கிறது. தண்ணீர்ப் பம்பைக் கழட்டிக் கழுவலாம் என்று ஒட்டுசுட்டான் கடையில் ஒரு கேன் வாங்கினேன். மூடி சரியாக இறுகவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் பின் இருக்கைக்குக் கீழே சரிந்துவிட்டது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய் பிழிந்து பார்த்தேன், எல்லாக் கதவையும் திறந்து வெயிலில் விட்டேன். மணம் போகிற பாடாக இல்லை. மகள் வேணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, இது வானோ, இல்லாட்டிக் குப்பி விளக்கோ?" என்று கேட்டாள். மனைவி சாந்தி வந்து மணந்து பார்த்தாள். பின் இருக்கையில் ஏறிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த மணத்தில் அவளுக்கு யாருடைய நினைவு வரும் என்று எனக்குத் தெரியும்.

நீ போய் இது நாலாவது மாதம். நித்திரையிலேயே போய்விட்டாய். எல்லாவற்றிலும் அவசரப்படுகிற ஆள், இதிலும் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாய் என்று உன்மேல் எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தோடுதான் நேற்றுக் காலை நெளுக்குளத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் பந்தயக் காரை ஒருவர் கேட்டு வருகிறார் என்று உன் மனைவி ராணி தொலைபேசியில் சொல்லியிருந்தாள். கொழும்பில் பழைய கார்களைத் திருத்தி ஓடவைக்கிறவராம். "எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது, அண்ணை. நீங்கள் குடு எண்டால் குடுப்பன், வேண்டாம் எண்டால் விடுவன்" என்று பொறுப்பை என் தலையில் போட்டுவிட்டாள்.

கொடுக்கக்கூடாது என்ற முடிவோடுதான் வேணியையும் கூட்டிக்கொண்டு வானில் ஏறினேன். உன் கொட்டிலில் தார்ப்பாய்க்குக் கீழே அது கிடக்கும்வரைக்கும் நீயும் அங்கே எங்கேயோ நிற்கிற மாதிரி எனக்கு ஒரு எண்ணம். பின்னேரம் திரும்பி வரும்போது அந்த முடிவு என்னிடம் இல்லை. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காரை உன் அப்பா பரந்தனுக்குக் கொண்டுவந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனதாம். பழைய இரும்பு என்று வீட்டில் பொய் சொல்லி, லொறியில் வைக்கோலுக்கு நடுவே வைத்து இறக்கினார். அலுமினியத் தகட்டில் அடித்த உடம்பு, நீண்ட மூக்கு, அந்த மூக்கைப் பூட்டுவதற்கு இடுப்பில் கட்டுகிறது போல ஒரு தோல்வார். கூரை இல்லை. கதவும் இல்லை, காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். இருக்கை இரண்டு என்று பெயர், உண்மையில் ஒன்றரை. பின்பக்கம் ஒடுங்கிக் கூராக முடியும். பக்கத்தில் வெள்ளை வட்டத்துக்குள் ஏழு என்று எழுதியிருந்தது. உன் அம்மாவுக்கு அதன் அருமை வேறு விதமாகத் தெரிந்தது. நல்ல சூடு பிடிக்கிற தகடு என்று அதன் மூக்கின்மேல் பாயைப் போட்டு மிளகாய் காயவைத்தா. நீ பள்ளிக்கூடத்தால் வந்து அதைப் பார்த்துவிட்டு அழுதாய். பதினாலு வயதுப் பெடியன் மிளகாய்க்காக அழுததை நான் இருபது வருடம் சொல்லிக் காட்டினேன்.

எங்களுக்கு இருபது வயதாக இருக்கும்போது ஒருநாள் விடியப் பரந்தனில் இருந்து ஆனையிறவுப் பக்கம் அதை முழு மூச்சில் விட்டாயே, மறக்க முடியுமா? நேரான தெரு, இரண்டு பக்கமும் வெளி, தெருவில் ஒரு குருவி இல்லை. நான் உன் பக்கத்தில் ஒரு கையால் உன் சேட்டுக் கழுத்தையும் மற்றக் கையால் தகட்டையும் பிடித்துக்கொண்டு இருந்தேன். கழுத்தில் போட்டிருந்த துவாய் காற்றில் பறந்து உப்பளப் பக்கம் போய் விழுந்தது. நிறுத்தடா என்று கத்தினேன். நீ நிறுத்தவில்லை. உனக்குக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாய், அது சுத்தப் பொய். கடைசியில் காரை ஓரமாக விட்டு, முகமெல்லாம் பல்லாக என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"எண்பது! முள்ளு எண்பது மைலில நிண்டதைப் பாத்தியோ?"

"கண்ணைத் திறந்தாத்தானேடா பாக்கிறதுக்கு."

அதற்குப் பிறகு ஒரு கிழமை நீ என்னோடு கதைக்கவில்லை. உலகத்தில் உன் எண்பதுக்கு ஒரே ஒரு சாட்சி நான்தான், அந்தச் சாட்சி கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டான். இன்னொருக்கால் விடுவோம், அப்போது ஒழுங்காகப் பார் என்று பிறகு சமாதானம் ஆனாய். அந்த இன்னொருக்கால் உனக்குக் கிடைக்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர் நாங்கள் இந்த வானை வாங்கியபோது முதலில் உன்னைத்தான் ஏற்றினேன். கிளிநொச்சியில் ஒரு கலியாண வீடு. நெளுக்குளத்தில் உன் வாசலில் நிறுத்திப் பொத்தானை அமத்தக் கதவு தானாக விலகியது. நீ ஏறாமல் நின்று அதைப் பார்த்தாய். "கதவும் தானே திறக்குதெண்டால் பிறகு நாங்கள் என்னத்துக்கு வந்தனாங்கள்?" என்று கேட்டாய். உள்ளே வந்து மூன்று வரிசை இருக்கையையும் எண்ணினாய். குளிர்க்காற்று வருகிற ஓட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். நான் வானை எடுத்து அரை மைல் போன பிறகு குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எஞ்சினைப் போடன்ரா" என்றாய். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொன்னதும் உன் முகம் போன போக்கை வேணி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். பின்னால் வருவதைக் காட்டுகிற சின்னத் திரையைப் பார்த்து நீ சொன்னதும் அவளுக்குப் பாடம்: "இது பின்னுக்குப் பாக்கிற வாகனம், பிள்ளை. மாமான்ரை கார் முன்னுக்கு மட்டும்தான் பாக்கும்."

கலியாண வீட்டில் பந்தியை முடித்துவிட்டு, உனக்கு ஒரு வேடிக்கை காட்டலாம் என்று பரந்தனைத் தாண்டி அந்தப் பழைய நேர்த்தெருவுக்கு வானைக் கொண்டுபோனேன். இப்போது அது கண்ணாடி மாதிரித் தெரு. பின்னால் சாந்தியும் ராணியும் சீலைக்கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள், இருபத்தாறு வயது வேணி நித்திரை. நான் மெல்ல மெல்லக் காலை அமத்தினேன். நீ தாலி எத்தனை பவுன் என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். முள் நூற்றுமுப்பது கிலோமீற்றருக்குப் போனது. அது உன் கணக்கில் எண்பது மைல். "எண்பது வந்திட்டுது, மச்சான்" என்றேன். நீ வெளியே பார்த்தாய், முள்ளைப் பார்த்தாய், பின்னால் நித்திரை கொண்ட பிள்ளையைப் பார்த்தாய். "மெதுவாப் போ. பிள்ளை முழிச்சிடும்" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு நான் உன்னை வென்றுவிட்டேன் என்று வீடுவரைக்கும் எனக்குப் பெரிய சந்தோசப் புளுகம்.

எனக்கு எவ்வளவு மொக்கு மூளை என்பதை நேற்றுத்தான் அறிந்தேன்.

வேணி பிறந்த நாளுக்கு வருகிறேன். அவள் அந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டிருக்கிறாள். மாமாவின் காரில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். முழுவதும் தெரிந்தவர்கள் நீயும் நானும் சாந்தியும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் நானும் சாந்தியும்கூட அரைகுறைதான்.

அது யுத்தமும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். வன்னிக்குள் பெற்றோல் வராது. கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடு குறைந்தால் இருமி இருமி நின்றுவிடும். நின்றால் திரும்ப எழுப்ப இன்னும் நாலு சொட்டு வேண்டும், அந்த நாலு சொட்டுக்குத்தான் ஆட்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். நீ ஒருத்தன் மட்டும் உன் காருக்கு மண்ணெண்ணெய் காட்டவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. அது முடிஞ்ச எஞ்சின்." சண்டை கிட்ட வந்து பரந்தனை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அந்த முடிந்த எஞ்சினை விட்டுவிட்டு வர உனக்கு மனம் வரவில்லை. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கயிற்றில் கட்டி, இருக்கையில் சட்டிபானைகளை அடுக்கி, ராணியை ஸ்ரேறிங் பிடிக்க வைத்து ஒட்டுசுட்டானுக்கு எங்கள் காணிக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் கழுவினாய். "ஓடாத சாமானுக்கு என்னடா குளிப்பு?" என்று நான் பகிடி பண்ணினேன். நீ துணியைப் பிழிந்துகொண்டு சிரித்தாய்.

சாந்திக்கு ஏழாம் மாதம். அதற்கு முதல் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே எங்களை விட்டுப் போய்விட்டார்கள். இது மூன்றாவது. அன்று காலை முற்றம் கூட்டப் போனவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் என்றைக்கும் என் பெயரைச் சொல்லாதவள். போய்ப் பார்த்தால் இரத்தம். மருத்துவிச்சி அம்மா சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனா.

"புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. இப்பவே கொண்டு போங்கோ. ஆனா குலுக்கக் கூடாது, தம்பி. குலுக்கினால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை."

பத்துப் பன்னிரண்டு மைல் தெரு. தெரு என்று சொல்வதே பாவம், குழிக்கும் குழிக்கும் இடையில் கொஞ்சம் கிரவல் மண். உழவு இயந்திரம் என்றால் முதல் குழியிலேயே எல்லாம் முடிந்துவிடும். மாட்டு வண்டியும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாகனம் வேறு பக்கம் போய்விட்டது என்று சொன்னார்கள். நான் முற்றத்தில் நின்று ஒரு கட்டிலைத் தோளில் தூக்கிப் போக எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீ வேலியைக் கடந்து வந்தாய்.

"கார் இருக்கெல்லோ."

"ரிங் தேஞ்சதெண்டாய்?"

"தேஞ்சதுதான். அவ்வளவு தூரத்துக்கு இழுக்கும்."

பக்கத்து இருக்கையைக் கழட்டி எறிந்தாய். பின் கூர்த் தகட்டையும் கழட்டினாய். பலகை போட்டு, வைக்கோல் பரப்பி, அதன்மேல் எங்கள் மெத்தையை விரித்தாய். பந்தயக் காருக்குக் கீழே குலுக்கலைத் தாங்குகிற வில்லுகள் துளியும் வளையாது, அதற்கு வளைந்துகொடுத்துப் பழக்கம் இல்லை. ஆகவே நாலு ரயரிலும் காற்றை அரைவாசிக்கு இறக்கினாய். பிறகு உன் கொட்டிலுக்குள் போய் மெழுகால் வாய் அடைத்த ஒரு போத்தலைக் கொண்டுவந்தாய். பெற்றோல். அப்படி ஒரு போத்தல் உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கே இருந்தது என்று கேட்டதற்கு, "எப்பவோ கிடந்தது" என்றாய். ஊற்றி எழுப்பினாய், ஒரே தரத்தில் எழும்பியது. சூடானதும் மண்ணெண்ணெயைத் திறந்தாய். சாந்தியைத் தூக்கி மெத்தையில் கிடத்தினோம். அவள் தலை உன் முழங்கைக்குக் கிட்ட இருந்தது.

என்னிடம் மண்வெட்டியைத் தந்தாய். "நீ முன்னால நட. குழியைக் கண்டால் மண்ணைப் போடு. திரும்பிப் பாக்காதை."

அப்படித்தான் அந்த ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மண்வெட்டியோடு நான். எனக்குப் பின்னால் எண்பது மைல் போகிற கார், முதலாம் கியரில், மனிதன் நடக்கிற வேகத்தில். அதற்குப் பக்கத்தில் சாந்தியின் முகத்துக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு மருத்துவிச்சி அம்மா. மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்த ஒருவர், "என்ன அண்ணை, றேஸ் முடிஞ்சு வாறியளோ?" என்று உன்னைக் கேட்டுவிட்டு, பிறகு குடைக்குக் கீழே பார்த்தார். சைக்கிளை ஒரு வேலியில் சாத்திவிட்டு வந்து என்னோடு சேர்ந்து கையால் மண் அள்ளிப் போடத் தொடங்கினார். புதுக்குடியிருப்புக்குக் கிட்டப் போகும்போது காருக்கு முன்னால் ஆறு பேர் குழி நிரப்பிக்கொண்டு போனோம். மற்ற ஐந்து பேரில் ஒருவருடைய பெயரும் எனக்கு இன்றுவரை தெரியாது.

நடை வேகத்தில் போனால் மண்ணெண்ணெய்க்குச் சூடு போதாது. எஞ்சின் நின்றால் எழுப்பப் பெற்றோல் இல்லை, போத்தல் முடிந்துவிட்டது. ஆகவே நீ எஞ்சினைக் குளிராக்குகிற முன் ரேடியேற்றரைச் சாக்கால் இறுக மூடிக் கட்டியிருந்தாய். காற்றுப் போக வழி இல்லை. பாதி வழியிலேயே தண்ணீர் கொதித்து ஆவி அடித்தது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. நான் பயந்துபோய் ஓடிவந்தேன்.

"சாக்கைக் கழட்டட்டோ? எரியப்போகுது!"

"தொடாதை. கழட்டினால் நிண்டிடும். நீ நட."

சாந்தி மெத்தையில் கிடந்தபடி உன்னைக் கேட்டாள், "அண்ணை, வழியில நிண்டிடுமோ?"

"நான் சொன்னால்தான் நிக்கும், தங்கச்சி. நீ கண்ணை மூடிக்கொண்டு கிட."

நாலு மணித்தியாலம். ஆஸ்பத்திரி வாசலுக்குள் முன் சில்லு ஏறியதும் அடிவயிற்றில் இருந்து வருகிறது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு எஞ்சின் இறுகி நின்றது. அதற்குள் தள்ளுகட்டிலோடு ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். பின்னேரம் வேணி பிறந்தாள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பிள்ளை, ஆனால் அவள் அழுத சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. நான் வெளியே வந்தபோது நீ வேப்ப மரத்துக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு இருந்தாய். வலது பாதம் முழுக்கக் கொப்புளம். எஞ்சின் சூட்டில் வெந்திருந்தது. காரைப் பார்த்து நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன்.

"முடிஞ்ச எஞ்சின்தானேடா. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குப் போயிருக்கும். போய்ப் பிள்ளையைப் பார்."

நான் நம்பினேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. போய்ப் பிள்ளையைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருபத்தெட்டு வருடம் போய்விட்டது. யுத்தநிறுத்தம் வந்து தெருத் திறந்தபோது நீ காரை லொறியில் ஏற்றி நெளுக்குளத்துக்குக் கொண்டுபோனாய். ஏன் திருத்தவில்லை என்று கேட்ட நேரமெல்லாம், "அந்தச் சாமான் இப்ப வராது" என்பாய்.

நேற்று வந்தவர் கொழும்பில் இருந்தாலும் ஊர் யாழ்ப்பாணம். கையில் எண்ணெய் ஊறிய, கதை குறைந்த மனிதர். ராணியிடம் கேட்டுவிட்டு, கொண்டுவந்த ஸ்பனர் சாவிகளால் எஞ்சினின் தலையைக் கழட்டத் தொடங்கினார். இறுகிப்போயிருந்தது. நானும் வேணியும் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தோம். கழட்டி முடிந்ததும் குனிந்து கனநேரம் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, இந்தக் கார் எத்தனை வருடம் மண்ணெண்ணெயில் ஓடியது என்று கேட்டார்.

"ஒரே ஒரு நாள்" என்றேன். "ஆனால் அதுக்கு முதலே ரிங் தேஞ்ச எஞ்சின்."

"ஆர் சொன்னது?" என்றார். "இஞ்ச பாருங்கோ. சிலிண்டரைப் புதுசா உரசின கீறல் இன்னும் அழியேல்லை. ரிங் புதுசு, பிஸ்டனும் புதுசு. செய்துபோட்டு வெளியில எடுக்கவே இல்லை. இது ஓடித் தேஞ்சு செத்த எஞ்சின் இல்லை, ஐயா. நல்லா இருந்ததை ஒரே நாளில ஆரோ எரிச்சிருக்கினம்."

நான் ராணியைப் பார்த்தேன். அவள் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஓம், அண்ணை" என்றாள். "தடை வாறதுக்கு முதல் மாசம்தான் கொழும்பிலயிருந்து எல்லாச் சாமானும் எடுப்பிச்சுச் செய்து முடிச்சவர். ஒருக்கால் முழு வேகத்தில விட்டுப் பாக்கோணும் எண்டு காத்துக்கொண்டிருந்தவர். அதுக்குத்தான் அந்தப் போத்தலை மெழுகு வைச்சு ஒளிச்சு வைச்சவர். ஆராவது கேட்டுக் கொண்டுபோயிடுவினம் எண்டுதான் தேஞ்சு போச்செண்டு சொல்லித் திரிஞ்சவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? அண்டைக்கு வேண்டாம், பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டனான். சொன்னால் அவன் பிள்ளையைப் பாக்கிற நேரமெல்லாம் என்ரை காரைத்தான் நினைப்பான், அவன் பிள்ளையைப் பிள்ளையாப் பாக்கட்டும் எண்டவர்."

நான் விளக்கை உன் பாதம் வெந்த அந்த இடத்துக்குத் திருப்பினேன், மச்சான். வேணி அதை என் கையில் இருந்து வாங்கினாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் பொருந்தி வந்திருக்க வேண்டும். காரின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு வந்தவரைக் கேட்டாள்:

"இது திரும்ப ஓடுமோ?"

"ஓடும். எனக்கு ஒரு வருசம் தாங்கோ."

"எண்பது மைல் போகுமோ?"

"போகாட்டி நான் ஏன் இவ்வளவு தூரம் வாறன்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "குடுங்கோ, அப்பா. இவ்வளவு காலம் எனக்காக நிண்டது காணும். அது ஓடட்டும்."

கொடுக்கச் சொன்னேன். ராணி தலையாட்டினாள். அது ஓடுகிற நாளில் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். எங்கே ஓடினாலும் இந்த வானில் ஏழு இருக்கை இருக்கிறது, ராணி, சாந்தி, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வருவேன். இந்த முறை கண்ணைத் திறந்து பார்ப்பேன். முள் எண்பதைத் தொட்டதா இல்லையா என்று உனக்கு ஒழுங்காகச் சாட்சி சொல்வேன்.

அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எரிந்த பிஸ்டன்களில் ஒன்று. ஒரு பக்கம் உருகிப்போய், தேத்தண்ணி குடிக்கிற பேணி அளவில் இருக்கிறது. இந்த வானில் சாரதிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை வைப்பதற்கென்று ஒரு குழி வைத்திருக்கிறார்கள். உன் பிஸ்டன் அதற்குள் அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. இன்று காலை ஒட்டுசுட்டான் தெருவில் ஒரு பள்ளத்தைக் கண்டு நான் வேகத்தைக் குறைத்தபோது அது குழிக்குள் கிணுங்கென்று ஆடியது. எனக்குப் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

நீ பயந்தது சரிதான். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் நான் வேணியைப் பார்க்கிற நேரமெல்லாம் உன் காரைத்தான் நினைக்கிறேன். அவள் தலை சீவும்போது, சாப்பிடும்போது, யாரோடோ தொலைபேசியில் சண்டை பிடிக்கும்போது. ஆனால் நீ நினைத்த மாதிரி அதில் பாரம் ஒன்றும் இல்லை. இவளை நானும் சாந்தியும் மட்டும் பெறவில்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான். அந்த நாலு மணித்தியாலமும் நான் திரும்பிப் பார்க்கவில்லை, நீ பார்க்கக்கூடாது என்றாய்; பயந்து ஓடிவந்த அந்த ஒரு தரமும் சாக்கைத்தான் பார்த்தேன். எனக்குப் பின்னால் நீ என்ன முகத்தோடு அந்தக் காரை ஓட்டினாய் என்பதை நான் இனி ஒருநாளும் அறியமாட்டேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

எங்களுக்குள் நன்றி சொல்கிற பழக்கம் இல்லை. சொன்னால் அது பிறத்தி ஆட்களின் கதை. சொல்லியிருந்தால் நீ "போடா விசரா" என்று தொடங்கி ஒரு கிழமைக்கு என் முகத்தில் முழித்திருக்க மாட்டாய். இருபத்தெட்டு வருடம் பிந்திவிட்டேன், தெரியும்.

நன்றி, மச்சான்.

எங்கே, எழும்பி வந்து என்னை ஏசு பார்ப்போம்.